கோடை இல்லாத ஊரில் குளிர்ச்சி

மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் எதையெதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று நம் கதைகளும் கட்டுரைகளும் நிறையச் சொல்லியிருக்கின்றன. ஊர், நிலம், உறவு, குலசாமி. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிற ஒன்று பருவம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வருஷத்தை ஆறாகப் பிரித்து வைத்திருந்த மொழியோடு வந்தவர்கள் அவர்கள். பினாங்கில் இறங்கியபோது அந்த ஆறில் ஒன்றுகூட உதவவில்லை. இங்கே சித்திரையிலும் வெயில், மார்கழியிலும் வெயில். நடுவே மழை. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியில் ஒவ்வொரு மே மாதமும் அக்னி நட்சத்திரம் ஆரம்பம், நிவர்த்தி என்று அச்சாகியிருக்கும். அது யாருடைய வெயில் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன்.

ஆனால் கெடாவில் தோட்டத்து மனுஷர்களிடம் "நம்ம ஊருல கோடை எப்போ?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும். "எல கொட்டுற மாசம்."

தீபகற்பத்தின் வடமேற்கில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மழை குறைந்துவிடும். அந்த வறட்சியில்தான் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பச்சை சிவந்து, பழுத்து, காடு முழுக்கச் சருகாகும். நாலு வாரம் முன்பு வரை இருட்டாக இருந்த நிறையில் வெயில் நேராகத் தரையில் விழும். பால் குறையும். சில தோட்டங்களில் மரத்துக்கு ஓய்வு கொடுத்து, சீவுகிற வேலையையே நிறுத்திவிடுவார்கள். பால் இல்லையென்றால் பால்காசும் இல்லை. வருஷத்திலேயே உடம்பு அதிகம் காய்கிற மாதங்களும் கையில் காசு குறைகிற மாதங்களும் ஒன்றாகவே வந்தன.

வெள்ளைக்காரத் துரைமார்கள் இந்தப் பருவத்துக்கு வைத்த பெயர் விண்டரிங். இலை உதிர்ந்தால் அவர்களுக்கு அது குளிர்காலம். மலாயாத் தமிழனின் கோடை, கணக்குப் புத்தகத்தில் குளிர்காலமாகப் பதிவானது. இந்த ஒரு முரணே என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்தது. அந்த மாதங்களில் நம்மவர்கள் எதைக் குடித்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று தேடிப் போனேன். குளிர்ச்சிக்காக வாய்க்குள் போனவற்றின் வரலாறு, கடைசியில் யார் நிழலில் இருந்தார்கள், யார் வெயிலில் நின்றார்கள் என்கிற வரலாறாகவே முடிகிறது.

நீத்தண்ணி

ரப்பர் மரத்தை ஏன் விடியலுக்கு முன்பே சீவ வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி முழுக்க மரம் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும். பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் அப்போதுதான் அதிகம். வெயில் ஏற ஏற இலை வழியாக ஈரம் போய் அழுத்தம் குறையும். பால் ஓட்டமும் குறையும். அதனால் இருட்டிலேயே பிரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் தலையில் விளக்கோடு நிறைக்குப் போகணும். இந்த நேரத்துக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டிச் சமைக்க எந்தப் பெண்ணால் முடியும்? அவளும் மரம் சீவப் போகிறவள்தான்.

பழைய சோறு அந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தது. ராத்திரி மிஞ்சிய புழுங்கல் அரிசிச் சோற்றில் முங்குகிற அளவு தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், விடிவதற்குள் அது தானே புளித்திருக்கும். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம். லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியா அந்த வேலையைச் செய்கிறது. தயிர் உறைவதும் அதே வகை வேலைதான். மேலே நிற்கும் தண்ணீரை நீராகாரம் என்று எழுதுவோம். பாட்டி சொன்னது நீத்தண்ணி. அதில் ஒரு கை உப்பு, ரெண்டு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். மோர் கிடைத்தால் மோர். தொட்டுக்கொள்ள சுட்ட கருவாடோ நேற்றைய சம்பாலோ.

தூக்குச்சட்டியில் போட்டுக் காட்டுக்கு எடுத்துப் போனால் பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம் புளித்திருக்கும், அவ்வளவுதான். கெட்டுப்போகாது. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கட்டுரை முடிவில் அதற்கு வருகிறேன்.

உப்பும் தண்ணீரும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஊரின் காற்றைப் பார்க்க வேண்டும். மதுரை வெயில் காய்ந்த வெயில். அங்கே வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று ஆவதும் அதே விதிப்படிதான். பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இங்கே காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருக்கிறது. வியர்வை வழியும், உலராது. பானையும் தன் வேலையைப் பாதிதான் செய்யும். வெப்பமானியில் 33 டிகிரிதான் காட்டும், ஆனால் உடம்புக்கு அது வேறு கணக்கு. அதிகமாக வியர்த்து, குறைவாகக் குளிர்ந்த அந்த உடம்புக்குப் போன உப்பைத் திருப்பிக் கொடுத்தது நீத்தண்ணியும் மோரும்தான். லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவர்கள் வீட்டில் மோருக்குப் பஞ்சமில்லை. மாடில்லாதவர்கள் ஒரு சொம்போடு போய் நிற்பார்கள். மோருக்குக் காசு வாங்கக் கூடாது என்று ஒரு எழுதாத சட்டம் இருந்ததாகப் பாட்டி சொல்லுவாங்க.

இந்தக் குளிர்ச்சி ஒரு முறை முழுசாக அறுந்துபோனது. மலாயா தான் தின்ற அரிசியில் பெரும்பகுதியை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய பிறகு அந்த அரிசி வருவது சுருங்கியது. அடுத்த மூன்றரை வருஷமும் மரவள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. சோறு மிஞ்சினால்தானே பழையதாகும்? மிஞ்சவே இல்லை. "ஜப்பான்காரன் காலத்துல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் பெரியவர்கள் கிழங்கைத்தான் சொல்வார்கள். பாட்டி மட்டும் இன்னொன்றையும் சொல்வாங்க: "நீத்தண்ணி வாசமே மறந்து போச்சு."

பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டி

இதே வெயிலில் இன்னொரு குளிர்ச்சியும் இருந்தது. அது வந்த வழி நீளமானது.

பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், தன் ஊர்க் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று நம்பினார். 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். சிரித்தவர்கள்தான் அதிகம். 1833இல் ஏறக்குறைய 180 டன் பனிக்கட்டியுடன் ஒரு கப்பல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். கப்பல் சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் இருந்தது. அடுத்து சென்னை. 1842இல் கடற்கரையோரம் டியூடர் கட்டிய பனிக்கிடங்குதான் இன்றைய விவேகானந்தர் இல்லம். பனி போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது, திருவல்லிக்கேணியில் அந்த வட்டாரத்துக்கு இன்னும் பெயர் ஐஸ் ஹவுஸ்.

சிங்கப்பூருக்கு 1854இல் வந்தது. வாம்போ என்று எல்லோரும் அழைத்த ஹூ ஆ கே என்ற சீன வணிகரும் கில்பர்ட் ஆங்கஸ் என்பவரும் சேர்ந்து ஆற்றோரம் ஒரு பனிக்கிடங்கு கட்டி, பாஸ்டனிலிருந்து கட்டிகளை வரவழைத்தார்கள். லாபம் பார்க்கவில்லை. கிடங்கும் 1980களின் தொடக்கத்தில் சாலையை அகலப்படுத்த இடிக்கப்பட்டது. கிளார்க் கீ பக்கம் இப்போது நிற்பது அதன் நகல். அதே 1854இல்தான் ஹென்றி டேவிட் தோரோவின் 'வால்டன்' வெளியானது. அவருடைய குளத்தில் டியூடரின் ஆட்கள் பனி வெட்டுவதும், அந்தப் பனி போய்ச் சேரும் ஊர்களில் ஒன்றாகச் சென்னையும் அதில் வருகிறது. எளிய வாழ்க்கையின் வேதமாக நாம் வாசிக்கும் புத்தகத்துக்குள், நம் துறைமுகத்துக்கு வந்த கட்டி ஒன்று இப்படிக் கரையாமல் கிடக்கிறது.

அந்தப் பனி யாருக்கு? துரைமார்களின் மதுக் கோப்பைக்கு, மருத்துவமனைக்கு, கப்பலுக்கு. அதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் இந்தியக் கைதிகள் வெயிலில் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இப்போது இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. அவர்கள் கைக்கு அந்தக் கட்டி வந்திருக்கும் என்று நம்ப எனக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

கொஞ்ச காலத்தில் இயந்திரம் வந்தது, உள்ளூரிலேயே ஐஸ் செய்தார்கள். பாஸ்டன் பனி வியாபாரம் முடிந்தது. 1883இல் ஃபிரேசரும் நீவும் சிங்கப்பூரில் சோடாக் கம்பெனி தொடங்கினார்கள். நம் வீட்டுத் தீபாவளிக்கு ஆரஞ்சு போத்தலாக வந்து நிற்கும் அந்த எஃப் அண்ட் என்தான். 1903இல் கோல்ட் ஸ்டோரேஜ் வந்தது. சுங்கை ரோட்டுப் பக்கம் இருந்த ஐஸ் ஆலையால் அந்த இடத்துக்குச் சீனர்கள் வைத்த பெயர் உறைபனிப் பாலம். தேக்காவிலிருந்து நடந்து போகிற தூரம். பிற்பாடு அங்கே கூடிய பழைய சாமான் சந்தையும் அதே பெயரால்தான் அறியப்பட்டது. 2017இல் சந்தை மூடப்பட்டது. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே உறைபனியின் பெயரில் ஒரு பாலம் இருந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஐஸ் சூடு

ஆனால் பாட்டியிடம் ஐஸ் தண்ணி கேட்டால் திட்டு விழும். "அது உடம்புக்குச் சூடுடா." பள்ளியில் அறிவியல் படித்த பிள்ளைக்கு இதைவிட அபத்தம் எது? பூஜ்ஜிய டிகிரியில் இருப்பது எப்படிச் சூடாகும்?

பாட்டி பேசியது வேறு பாஷை. தமிழில் குளிர்ச்சி என்பது பொருளின் வெப்பநிலையைச் சொல்லும் வார்த்தை மட்டும் இல்லை. உள்ளே போன பிறகு உடம்பை அது எப்படி வைக்கிறது என்பதையும் சொல்லும். வெந்தயம் குளிர்ச்சி, சுடச்சுடக் குடித்தாலும் கஞ்சி குளிர்ச்சி. மாம்பழம் சூடு, குளிர்பெட்டியில் வைத்து எடுத்தாலும் சூடு. இந்தக் கணக்கில் ஐஸ் ஒரு ஏமாற்று. நாக்குக்குக் குளிர், வயிற்றுக்குச் சூடு. அறிவியல் இதை ஒப்புக்கொள்ளாது. நானும் இதை மருத்துவமாகச் சொல்லவில்லை. ஒரு சமூகம் தன் சாப்பாட்டை எப்படி வகைப்படுத்தியது என்பதற்கான சாட்சியாகச் சொல்கிறேன்.

மலாயாவில் இந்தப் பாஷையைப் பேசியது நாம் மட்டும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சீனப் பாட்டிகளுக்கும் சாப்பாட்டில் சூடும் குளிர்ச்சியும் உண்டு. அவர்களுடைய மூலிகைத் தேநீர்க் கடைகள் குளிர்ச்சியை விற்றே பிழைத்தன. மலாய்ப் பாட்டிகள் பானாஸ், செஜுக் என்று பிரிப்பார்கள். மூன்று பாட்டிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் எதில் ஒத்துப்போவார்களோ தெரியாது, டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்பதில் ஒத்துப்போவார்கள். டுரியான் தின்ற கையோடு அதன் ஓட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தால் சூடு தணியும் என்பதிலும்தான். தேர்தல் மேடைகளில் கிடைக்காத ஒற்றுமை இது.

ஒரே மரத்தின் பாளை

குளிர்ச்சி என்ற வார்த்தைக்கு நம் சமூகம் பெரிய விலை கொடுத்த இடம் கள்ளுக்கடை.

தென்னம்பாளையைச் சீவிப் பானை கட்டினால் இனிப்பான சாறு சொட்டும். அதை உடனே அடுப்பேற்றிக் காய்ச்சிக் கட்டியாக்கினால் குலா மலாக்கா. காய்ச்சாமல் விட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். இன்னும் விட்டால் காடி. ஒரே பாளை, ஒரே சாறு. நேரமும் நெருப்பும்தான் வித்தியாசம். மலாய்க் கம்பத்தில் அது சர்க்கரையாகி செண்டோலில் விழுந்தது. தோட்டத்தில் அது கள்ளாகிச் சம்பளத்தைக் குடித்தது.

"கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி" என்பதை எத்தனை தாத்தாக்கள் வாயால் கேட்டிருப்போம்! வெயிலில் வேலை செய்து வந்தவனுக்கு அது உடனே இதமாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி வேறு. குடிதண்ணீர்க் குழாய் லயத்துக்கு ஒன்று இருந்தால் அதிகம் என்கிற தோட்டத்தில் கள்ளுக்கடை மட்டும் தவறாமல் இருந்தது ஏன்? பல தோட்டங்களில் அந்தக் கடை தோட்ட நிர்வாகத்தின் கீழேயே நடந்தது. அதில் வந்த லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கும் கோயில் திருவிழாவுக்கும் செலவிடுகிற ஏற்பாடும் இருந்தது. தன் கூலியைக் குடித்து, அந்தக் குடியின் லாபத்தில் தன் மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்தான் நம் ஆள். இதைவிடக் கச்சிதமான சுழற்சியைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

நம்மவர்களில் சிலர் இதைப் பார்த்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதனும் அவர் சார்ந்த கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை வாசித்துப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கும். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது இருக்கும். கூடவே கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருக்கும். அரசு நாதனை நாடு கடத்தியது, ராணுவத்தை இறக்கியது, தொழிலாளிகள் சுடப்பட்டுச் செத்தார்கள். போருக்குப் பிறகு கெடாவில், பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படையை நடத்தினார். படையினர் வரிசையாக நின்று பயிற்சி எடுத்தார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947இல் அதுவும் போலீஸ் அடியிலும் சாவிலும் முடிந்தது. கள் வேண்டாம் என்று சொன்னதற்கு அடி விழுந்தது என்பதிலேயே, கள் யாருக்கு வேண்டியிருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

நம் தோட்டத்து இலக்கியத்தில் நான் வாசித்த வரையில் கள்ளுக்கடை வராத கதை குறைவு. மோர்ச் சொம்பு வரும் கதை இன்னும் குறைவு. குடித்துவிட்டு விழுந்த ஆணை எழுதினோம். காலையில் நீத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தானும் மரம் சீவப் போன பெண்ணை அவ்வளவு எழுதவில்லை. சண்டை நடக்கிற இடத்தில்தான் கதை இருக்கும் என்று நினைத்துக்கொண்டோமோ என்னவோ.

மங்கில் கூடியவை

ஐஸ் ஏழைக்குக் கிடைத்தது தள்ளுவண்டி வழியாக. ஆலையில் வாங்கிய கட்டி, சாக்கில் சுற்றி, மரத்தூளில் புதைந்து வரும். தச்சருடைய இழைப்புளியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு பலகை. அதில் கட்டியை வைத்துத் தேய்த்தால் கீழே பூவாக உதிரும். கையால் உருட்டி, சிவப்பு சிரப்பும் பச்சை சிரப்பும் ஊற்றினால் ஐஸ் கெப்பால். ஐம்பது அறுபதுகளில் பள்ளிக்கூட வாசலில் 5 காசு. உறிஞ்ச உறிஞ்ச நிறம் போய் வெறும் வெள்ளை உருண்டை மிஞ்சும். உருண்டையைப் பாதி பாதியாகத் தோழனோடு மாற்றிக்கொள்வது அந்தத் தலைமுறையின் நட்பு இலக்கணம்.

அதே ஐஸ் பூவுக்குக் கீழே வேகவைத்த சிவப்புப் பயறு போட்டதுதான் ஐஸ் கச்சாங். கச்சாங் என்றால் மலாயில் பயறு. பிறகு சோளம், கருப்பு ஜெல்லி, அத்தாப் விதை என்று அடுக்கு ஏறியது. அந்த அத்தாப் விதையைக் கொஞ்சம் கவனியுங்கள். நிப்பா பனையின் இளம் விதை அது. கண்ணாடி மாதிரி, வழுக்கிக்கொண்டு, கடித்தால் மெத்தென்று இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த முதல் தலைமுறைக்கு அதைப் பார்த்தவுடன் என்ன ஞாபகம் வந்திருக்கும்? நுங்கு. பனை அரிதான நாட்டில் நுங்கின் இடத்தைச் சதுப்பு நிலத்து உறவுக்காரன் ஒருவன் பிடித்துக்கொண்டான்.

செண்டோல் இன்னும் பழையது. ஐஸ் வருவதற்கு முன்பே தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்ந்த பானம் ஜாவா வரை உண்டு. பாண்டான் இலைச் சாறு கலந்த அரிசி மாவைக் கிளறி, ஓட்டைத் தட்டு வழியாகக் குளிர்ந்த தண்ணீரில் அழுத்தி விழச் செய்தால் பச்சைப் புழு மாதிரி நெளியும். இடியாப்பம் பிழிந்த கைக்கு இந்த வேலை அந்நியமானது இல்லை. ஐஸ் வந்த பிறகு அது வண்டியேறி வீதிக்கு வந்தது. தீபகற்பம் முழுக்க ரோஜாக்கையும் செண்டோலையும் ஒரே வண்டியில் ஜோடியாக விற்றவர்களில் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். பினாங்கு கெங் குவீ சந்தில் 1936இலிருந்து விற்கும் பிரபலமான செண்டோல் தியோச்சூ சீனர்களுடையது. மலாய்ப் பானம், சீனர் கடை, தமிழ் முஸ்லிம் வண்டி. இது யாருடைய உணவு என்று அவ்வப்போது கிளம்பும் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. அந்த மங்கில் இருக்கும் தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் ஒரே மரம் கொடுத்தவை என்பதுதான் எனக்குச் சுவை.

பந்தல்

காசில்லாமல் குளிர்ச்சி கிடைத்த இடம் ஒன்று உண்டு. தண்ணீர்ப் பந்தல். அது மிகப் பழைய தமிழ் வழக்கம். சோழர் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் இருக்கின்றன. பெரியபுராணத்தில் திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் பந்தல் வைத்தார்.

அங்கே அது கோடைக்கான தர்மம். இங்கே அது தைப்பூசத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பத்துமலையில் 1892இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. பினாங்கிலும் சுங்கை பட்டாணியிலும் அதே நாளில் தெருவெல்லாம் பந்தல். தை மாதம் தமிழ்நாட்டில் பனிக்காலம். ஆனால் நம் வடக்கு மாநிலங்களில் அதுதான் மழை நின்று, இலை கொட்டத் தொடங்குகிற நேரம். நாள்காட்டி பழைய ஊருடையதாக இருந்தாலும் பந்தல் சரியாக இந்த ஊர் வெயிலுக்கு வந்து நின்றது. மோர், பானகம், ரோஜா சிரப், பார்லி. கொடுப்பவர்களில் சீனர்களும் உண்டு. தார் ரோட்டில் வெறுங்காலோடு வருபவரிடம் நீ யார் என்று பந்தலில் யாரும் கேட்டதில்லை.

யாருக்குக் குளிர்ச்சி

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின. ராத்திரி சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடிய வீட்டிலிருந்து, எப்போதும் குளிர்பெட்டி ஓடும் அடுக்குமாடிக்கு நம் அம்மாக்கள் வந்தார்கள். மிச்சச் சோறு தண்ணீரில் விழாமல் குளிர்பெட்டிக்குள் போனது. மோர் இருந்த இடத்தில் கலர் தண்ணி வந்தது. உப்பும் புளிப்புமாக இருந்த நம் குளிர்ச்சி ஒரே தலைமுறையில் சீனியும் ஐஸுமாக மாறியது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் நீரிழிவு விகிதம் மிக அதிகமாக இருந்தது இந்தியரிடம்தான். அதற்குக் காரணங்கள் பல. பழியை ஐஸ் கச்சாங் தலையில் போட மாட்டேன். ஆனால் அந்த எண்ணைப் பார்க்கும்போது பாட்டி ஐஸைத் திட்டியது காதில் விழாமல் இல்லை.

வெயிலும் நிற்கவில்லை. பெர்லிஸில் சுப்பிங் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரியைத் தொட்டது. இந்த நாட்டில் பதிவான உச்சம் அது. இன்று வெயிலில் நிற்பவர்கள் மாறியிருக்கிறார்கள். செம்பனைக் காட்டில் இந்தோனேசியர். கட்டடத் தளங்களில் வங்கதேசத்தவர், நேப்பாளிகள். சிங்கப்பூரில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. 2023 அக்டோபரில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு ஒரு விதி கொண்டுவந்தது. வெப்பத்தோடு ஈரத்தையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால், கடினமான வேலை செய்பவருக்கு மணிக்கு 10 நிமிடமாவது நிழலில் ஓய்வு தர வேண்டும். ஈரத்தையும் கணக்கில் எடுத்தது நல்ல விஷயம். நம் பாட்டிகளின் உடம்பு அறிந்ததை அளக்க ஒரு கருவி வந்திருக்கிறது.

அந்தத் தொழிலாளிகளின் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பல தளங்களில் விடியலுக்கு முன்பே சமைத்துக் கட்டப்படுகிறது. சோறும் குழம்பும் ஒன்றாகக் கட்டி, வெயிலில் கிடந்து, பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது வாடை அடிக்கிறது என்பது அவர்களுடைய நெடுநாள் புகார். ஒரு தமிழ்நாட்டுத் தம்பி என்னிடம் சொன்னார், "அண்ணே, எங்கம்மா ஊத்தி வெக்கிற பழையது மறுநாள் மத்தியானம் வரைக்கும் நிக்கும். இது ஆறு மணி நேரம் நிக்க மாட்டேங்குது."

முன்னே நான் அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். புளிப்பதும் கெடுவதும் வேறு வேறு. நிழலில்லாத இடத்தில், அடுப்பில்லாத நேரத்தில், காசில்லாத மாதத்தில் மதியம் வரை தாங்குகிற சாப்பாட்டை நம் பெண்கள் வெறும் தண்ணீரை வைத்துச் செய்தார்கள். அதைப் பழையது என்று பெயர் சொல்லி ஒதுக்கினோம். இப்போது அதே பழைய சோறு மண்சட்டியில், மோர் மிளகாயோடு, உணவக மெனுவில் நல்ல விலைக்கு வந்திருக்கிறது. வரட்டும், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் அதைச் சாப்பிட்டு வெயிலில் நின்றவர்களின் இடத்தில் இன்று நிற்பவருக்கு, மதியம் வரை கெடாத ஒரு பிடி சோறு இன்னும் போய்ச் சேரவில்லை.